சருகுக்கு மூடிய வாசல்கள்: சேலம்–நாமக்கல் சமவெளியில் தீயும் மட்கும்

1. கேள்வி

மாசி பிறந்ததும் சேலம், நாமக்கல் சமவெளியில் வேம்பு இலையுதிர்க்கத் தொடங்குகிறது. பின்னாலேயே புங்கனும் உதிர்க்கிறது. விடியலில் வாசல் கூட்டும்போது தெருவோரம் சருகு குவிகிறது. வெயில் ஏறுமுன் அந்தக் குவியலுக்கு யாராவது தீ வைத்துவிடுகிறார்கள். மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் கரும்பு வெட்டிய காடுகளில் சோகை எரிகிறது. தென்னந்தோப்புகளின் வேலியோரம் காய்ந்த மட்டையும் பன்னாடையும் பாளையும் அம்பாரமாகக் கிடந்து, ஒருநாள் மாலை மொத்தமாக எரிந்து முடிகின்றன.

இதைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. வேளாண் துறையின் துண்டறிக்கையும் சூழலியல் எழுத்தும், எரிப்பது அறியாமை என்றும் மட்கவைப்பது அறிவு என்றும் சொல்கின்றன. தோட்டக்காரரின் குரல் அச்சில் அதிகம் வருவதில்லை. தீ வைத்தால் இடம் சுத்தமாகும், பூச்சி பொட்டு ஒழியும், பாம்பு அண்டாது, சாம்பல் நிலத்துக்கு நல்லது என்பது அந்தக் குரல். முதல் தரப்பு வேதியியலில் வலுவானது. ஆனால் தெரிந்தும் ஏன் எரிக்கிறார்கள் என்பதற்கு அதனிடம் விடை இல்லை. இரண்டாம் தரப்பு அன்றாட அனுபவத்தில் வலுவானது. ஆனால் எரிப்பதைத் தொன்றுதொட்ட வழக்கமாகக் காட்டும்போது அது தன் பாட்டன் செய்ததையே மறந்துவிடுகிறது.

தோட்டக் கழிவு இந்தச் சமவெளியில் எப்போது ‘கழிவு’ ஆயிற்று? இக்கட்டுரையின் கேள்வி அதுதான். அதற்கு விடை தெரியாமல் எரிப்பதா மட்கவைப்பதா என்று தீர்ப்புச் சொல்ல முடியாது என்று கருதுகிறேன்.

2. குப்பை என்னும் சொல்

சங்க இலக்கியத்தில் குப்பை என்பதற்குக் குவியல் என்றே பொருள். உப்பளத்து உப்புக் குவியலும் குப்பைதான். இன்றைய நகர வழக்கில் அது வேண்டாதது, எறியப்பட்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் கொங்கு நாட்டு வேளாண் வழக்கு ஒரு மூன்றாம் பொருளைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. ‘காட்டுக்குக் குப்பை அடிக்கோணும்’ என்று ராசிபுரத்திலோ திருச்செங்கோட்டிலோ ஒரு விவசாயி சொன்னால், எருவை வண்டியில் ஏற்றி நிலத்தில் கொட்டப்போகிறார் என்று பொருள். குப்பைக்குழி என்பது எரு விளையும் குழி. குப்பை வைத்திருந்தவர் கையில் முதல் வைத்திருந்தவர். அதை விற்கலாம், வாங்கலாம், பாகப்பிரிவினையில் பங்கும் கேட்கலாம்.

அந்தக் குழிக்குள் போனவை வீட்டைச் சுற்றி உதிர்ந்தவை: வேப்பஞ்சருகு, கடலைக் கொடியில் மாடு தின்றது போக மிஞ்சிய கூளம், சோளத்தட்டின் அடிக்கட்டை, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய மண். ஆனால் இவை நேராகக் குழிக்குப் போகவில்லை. பெரும்பகுதி முதலில் கட்டுத்தரையில் மாட்டின் காலடியில் கிடந்து, சாணத்திலும் மூத்திரத்திலும் ஊறி, மிதிபட்டு நொறுங்கி, பிறகே குழியைச் சேர்ந்தது. மட்கும் வேலையில் பாதியை மாடே செய்து முடித்திருந்தது. இன்று ‘கம்போஸ்ட் தயாரிக்கும் முறை’ என்று தனியாகப் பயிற்சி தந்து சொல்லிக்கொடுக்கப்படுவது, அன்று யாரும் பெயரிடாமல் நடந்த வீட்டு வேலை.

நகராட்சி வண்டியில் ‘மக்கும் குப்பை’, ‘மக்காத குப்பை’ என்று எழுதியிருக்கிறது. குப்பை என்றாலே எருவாக இருந்த ஊரில் அதற்கு ‘மக்கும்’ என்றொரு அடைமொழி தேவைப்பட்டிருக்கிறது. இந்தப் பெயர்மாற்றம் இரண்டு தலைமுறைக்குள் நடந்தது.

3. மூன்று வாசல்கள்

சருகும் மட்டையும் சோகையும் தோட்டத்தை விட்டு வெளியேற மூன்று வாசல்கள் இருந்தன. கட்டுத்தரை முதலாவது, அடுப்பு இரண்டாவது, கூரை மூன்றாவது.

உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் எடுத்துக்கொண்டதும் முதல் வாசல் ஒடுங்கியது. இங்கே ஒரு திருத்தம் தேவை. மாடே இல்லாமல் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பால் மாடு இந்த மாவட்டங்களில் இன்றும் குடும்ப வருமானத்தின் தூண். ஆனால் கலப்பினப் பசு நிற்பது சிமெண்டுத் தளத்தில். தளம் தண்ணீரால் கழுவப்படுகிறது. மூத்திரம் சாக்கடைக்கும் சாணம் ஒரு மூலைக்கும் போய்விடுகின்றன. மாட்டின் காலடியில் சருகு பரப்பும் வழக்கம் தளத்தோடு போயிற்று. மாடு இருந்தும் சருகும் சாணமும் சந்திக்காத நிலை இது.

இரண்டாம் வாசல் அடுப்பு. தென்னை மட்டை, பருத்திமாறு, மரவள்ளிக் குச்சி, முள் எல்லாம் விறகாகவே கணக்கில் இருந்தன. 2006க்குப் பின் தமிழக அரசு கொண்டுவந்த இலவச எரிவாயு அடுப்புத் திட்டமும், 2016இல் தொடங்கிய ஒன்றிய அரசின் உஜ்வலா திட்டமும் பெண்களை அடுப்புப் புகையிலிருந்து மீட்டன. அது பெரிய நன்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அடுப்பில் மெல்ல மெல்ல எரிந்துகொண்டிருந்த மட்டை அதன்பின் எங்கே போகும் என்று எந்தத் திட்டமும் கேட்கவில்லை. அது இப்போது வேலியோரத்தில் மொத்தமாக எரிகிறது. அந்தத் தீயை மூட்டுபவரும், பக்கத்தில் நின்று கிளறிவிடுபவரும் பெரும்பாலும் பெண்களே. சமையலறையிலிருந்து வெளியேற்றிய புகை வாசலில் வந்து நிற்கிறது.

மூன்றாம் வாசலான கூரைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தென்னங்கீற்றும் கரும்புச் சோகையும் வேய்ந்த வீடுகள் ஓட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் மாறின. ஆண்டுக்கொரு முறை, ஈராண்டுக்கொரு முறை வேய்ந்து தீர்த்த பொருளுக்கு வேலையில்லாமல் போயிற்று.

இப்படிப் பார்க்கையில், எரிப்பது பழைய வழக்கம் என்ற வாதம் நிற்பதில்லை. போகியைச் சான்று காட்டுவோர் உண்டு. ஆனால் கொங்கு வட்டாரத்தில் பொங்கலுக்கு முந்திய நாளின் முதன்மைச் சடங்கு காப்புக் கட்டு. வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ ஆகியவற்றைச் சேர்த்து வீட்டு வாசலிலும் கட்டுத்தரையிலும் காட்டிலும் கட்டுவார்கள். பழையதைக் கொளுத்துவது அந்த நாளின் மையமாக இங்கே இருந்ததில்லை.

1889இல் இந்திய வேளாண்மையை ஆராய அனுப்பப்பட்ட ஜான் அகஸ்டஸ் வோல்க்கரின் அறிக்கை 1893இல் வெளிவந்தது. இந்திய விவசாயி சாணத்தை எருவாக்காமல் எரிக்கிறானே என்பது அக்கால ஆங்கில அதிகாரிகளின் குறை. வோல்க்கர் ஊர் ஊராகப் பார்த்துவிட்டு அந்தக் குறையைத் திருத்தினார். விறகு கிடைக்காததால் சாணம் எரிகிறது, விறகு கிடைத்தால் அது நிலத்துக்கே போகும், ஆகவே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளருங்கள் என்பது அவர் முடிவு. எரிப்பவரின் அறிவைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, எரிக்கவைக்கும் சூழலைத் தேடும் அந்த அணுகுமுறை இன்றைக்கும் பொருந்துகிறது. அன்று விறகு இல்லாமல் சாணம் எரிந்தது. இன்று சாணம் வந்து சேராமல் சருகு எரிகிறது.

4. தீ கொண்டுபோவது

கரும்புச் சோகையை எடுத்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் அளவுகளின்படி, ஒரு ஹெக்டேர் கரும்பில் ஒரு பயிருக்கு 10 முதல் 12 டன் காய்ந்த சோகை கிடைக்கும். அதில் கரிமம் 28.6 விழுக்காடு, தழைச்சத்து ஏறத்தாழ 0.4 விழுக்காடு. பத்து டன் எரிந்தால் 2.8 டன்னுக்கு மேல் கரிமமும் 40 கிலோ தழைச்சத்தும் புகையோடு போகின்றன. தழைச்சத்தில் அநேகமாக எதுவும் மிஞ்சாது, கந்தகத்திலும் பெரும்பங்கு போய்விடும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் ஓரளவு சாம்பலில் தங்கும். அதனால்தான் ‘சாம்பல் நிலத்துக்கு நல்லது’ என்ற அனுபவ மொழி பொய்யில்லை. பாதி உண்மை அது. அந்தச் சாம்பலையும் பங்குனிக் காற்று அடித்துக்கொண்டு போகும், முதல் மழை வரப்பைத் தாண்டிக் கரைத்துவிடும்.

இந்தக் கணக்கை இதோடு நிறுத்துவதுதான் பிரச்சாரத் துண்டறிக்கைகளின் வழக்கம். இன்னும் ஓர் அடி போக வேண்டும். 40 கிலோ தழைச்சத்து என்பது 87 கிலோ யூரியாவுக்குச் சமம். அதாவது 45 கிலோ மூட்டை இரண்டுக்குச் சற்றுக் குறைவு. மானிய விலையில் ஒரு மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஆக, இரண்டரை ஏக்கர் சோகையை எரிப்பதால் தழைச்சத்தில் மட்டும் விவசாயிக்கு ஏற்படும் பண இழப்பு ஐந்நூற்றுச் சொச்சம் ரூபாய். ஓர் ஆளின் ஒரு நாள் கூலியை ஒட்டிய தொகை அது. அந்தப் பத்து டன்னை வாரிக் கரையில் போட்டு, அடுக்கி, நனைத்து, புரட்டி, மீண்டும் வயலுக்குக் கொண்டுவர எத்தனை ஆள் வேண்டும்? ஒரு தீக்குச்சி அரைமணி நேரத்தில் முடிக்கும் வேலை இது. யூரியாவின் விலையை இந்த அளவில் வைத்திருக்கும் கொள்கையே சோகைக்குத் தீ வைக்கும் முதல் கை என்பது என் கருத்து.

ஆனால் இழப்பின் பெரும்பகுதி அந்த ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்குவதில்லை. 2.8 டன் கரிமத்துக்குக் கடையில் மூட்டை கிடையாது. இந்தச் சமவெளியின் செம்மண் நிலங்கள் கரிமச்சத்துக் குறைந்தவை. தண்ணீரைப் பிடித்துவைக்கும் திறனும் குறைவு. ஆண்டுக்கு 700 முதல் 1000 மில்லிமீட்டர் வரையிலான மழையை நம்பியும், ஆண்டுக்காண்டு ஆழமாகும் ஆழ்துளைக் கிணற்றை நம்பியும் இருக்கும் நிலத்தில், கரிமம் என்பது தண்ணீரின் மறுபெயர். சத்துக் கணக்கில் சிறிதாகத் தெரியும் சோகை, பாசனக் கணக்கில் பெரிது.

புகையின் கணக்கு தனி. ஒரு டன் நெல் வைக்கோல் எரிந்தால் சுமார் 3 கிலோ நுண்துகளும் 60 கிலோ கார்பன் மோனாக்சைடும் வெளிவரும் என்பது இந்திய ஆய்வுகளில் பரவலாக எடுத்தாளப்படும் அளவு. பனி குடித்த வேப்பஞ்சருகு கொழுந்துவிட்டு எரியாமல் கனன்று புகைவதால், எடைக்கு எடை அதன் புகை மோசமானது. சேலம் நகரத்தின் நில அமைப்பையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். சேர்வராயன், நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை என்று சுற்றிலும் மலைகள். தை, மாசி அதிகாலைகளில் குளிர்ந்த காற்று அடியில் தேங்கி அசையாமல் நிற்கும் நேரமும், வாசல் கூட்டித் தீ வைக்கும் நேரமும் ஒன்று. புகை மேலே போவதில்லை. பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் உயரத்திலேயே நிற்கிறது. நுண்துகளுக்கு (2.5 மைக்ரான்) 24 மணி நேரச் சராசரியாக இந்தியத் தரம் கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை அனுமதிக்கிறது, உலக சுகாதார நிறுவனம் 2021இல் வைத்த வழிகாட்டு அளவு 15. நாள் முழுதுக்கான சராசரி என்பது விடியலின் இரண்டு மணி நேரத்தை மறைத்துவிடும் அளவுகோல் என்பதையும் இங்கே குறிக்க வேண்டும்.

இன்னொரு மாற்றமும் உண்டு. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய சருகுத் தீயில் சருகு மட்டும் இருந்தது. இன்றைய குவியலில் பால் பாக்கெட்டும் ஷாம்பு உறையும் பிளாஸ்டிக் பையும் கலந்தே கிடக்கின்றன. அது எரியும்போது வரும் நச்சு வேறு வகை. பழைய தீயின் பெயரில் இந்தத் தீயை நியாயப்படுத்த முடியாது.

5. மட்கவைப்பதன் சிக்கல்கள்

எரிப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் மாற்று எளிதானதா? அல்ல. அதை எளிதென்று சொல்லிச் சொல்லியே பலரை மறுபடி தீக்குச்சியிடம் அனுப்பியிருக்கிறோம்.

முதல் சிக்கல் காலம். மட்குவதற்குக் குவியலில் பாதிக்கு மேல், 50 முதல் 60 விழுக்காடு வரை, ஈரம் வேண்டும். காய்ந்த சருகு ஒரு டன்னுக்கு ஆயிரம் லிட்டருக்குக் குறையாத தண்ணீர் தேவை. சருகு உதிர்வதோ மாசி பங்குனியில், கிணறு வற்றும் பருவத்தில். மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரைக் கால்வாய்களில் தண்ணீர் வருவது ஆகஸ்டில்தான். அதுவும் 45,000 ஏக்கருக்கே. கனத்த மழை ஆவணிக்கு மேல். இலை விழும் காலத்துக்கும் ஈரம் வரும் காலத்துக்கும் இடையில் ஐந்தாறு மாத இடைவெளி. அந்த இடைவெளியில்தான் தீ நுழைகிறது. ஐரோப்பிய நூல்களில் இலை உதிர்வதும் மழையும் ஒரே பருவம். அங்கே இலைக்குவியல் தானாக மட்கும். அந்த நூல்களை அப்படியே தழுவிய கையேடுகள் இங்கே பொருந்தாததன் காரணம் இது.

இரண்டாவது, பொருளின் தன்மை. சோகையில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம், மேலே சொன்ன அளவுகளின்படி, 70க்கு 1. நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்ய அது 30க்கு 1 அளவில் இருக்க வேண்டும். சருகைத் தனியாகக் குழியில் போட்டு மூடினால் ஓராண்டு கழித்தும் சருகாகவே இருப்பது இதனால்தான். மாவிலையின் மெழுகுப் பூச்சும் தென்னை மட்டையின் நாரும் இன்னும் கடினம். ஒரு தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டை அளவில் கழிக்கும். ஏக்கருக்கு 70 மரம் என்றால் எண்ணூற்றுக்கு மேற்பட்ட மட்டைகள். வெட்டித் தூளாக்கும் இயந்திரம் இல்லாமல் இதை மட்கவை என்பது வாய்ச்சொல்.

மூன்றாவது, குப்பைக்குழியின் விருந்தாளிகள். தென்னையின் குருத்தைக் குடையும் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் புழுவாக வளர்வது எருக்குழியிலும் மட்கும் கட்டைகளிலும்தான். தோப்புக்காரர் குப்பைக்குழிக்கு அஞ்சுவதில் நியாயம் இருக்கிறது. பச்சை மஸ்கார்டைன் பூஞ்சையைக் குழியில் கலந்து அந்தப் புழுவைக் கட்டுப்படுத்தலாம் என்பது தெரிந்த தீர்வு. அதையும் சேர்த்துச் சொல்லாமல் குழி வெட்டச் சொல்வது அரைகுறை அறிவுரை. சோகையைப் பரப்பினால் இளங்குருத்துப் புழுத் தாக்குதல் குறையும் என்பது உறுதி. கரையான் உள்ள நிலத்தில் அதே சோகை கரையானுக்குத் தீனியாகும் என்பதும் உறுதி.

நான்காவது, நோய்கண்ட பயிர். 2020இல் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளில் புதிய மாவுப்பூச்சி பரவியபோது, தாக்கிய செடிகளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னது வேளாண் துறை. அந்த நேரத்தில் அது சரியான ஆலோசனை. ஆனால் பூச்சியை அடக்க வந்த நிலையான வழி வேறு. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட ஒட்டுண்ணிக் குளவி பெங்களூரில் பெருக்கப்பட்டு, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. நோய்க்குத் தீ அவசர மருந்து. ஆண்டுதோறும் உதிரும் நலமான சருகுக்கு அதே மருந்தைக் கொடுப்பதில் நியாயமில்லை.

மட்கவைத்தாலும் கரிமத்தில் பாதிக்கு மேல் காற்றோடு போகும் என்பதையும், தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத குழியிலிருந்து மீத்தேன் வரும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. தீயோடு ஒப்பிட்டால் மட்கு எல்லா வகையிலும் தூயது என்ற கூற்று மிகை. மிஞ்சும் பகுதி மண்ணைச் சேர்கிறது, தழைச்சத்தின் பெரும்பகுதியும் உடன் சேர்கிறது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அது போதுமான வேறுபாடும்கூட.

6. மூன்று பழைய சோதனைகள்

இந்தச் சிக்கல்களில் பலவற்றை இந்திய மண்ணிலேயே மூவர் எதிர்கொண்டிருக்கிறார்கள். ஆல்பர்ட் ஹோவர்டு 1924 முதல் 1931 வரை இந்தூரில் நடத்திய சோதனைகள் உலகப் புகழ் பெற்றவை. தாவரக் கழிவை மாட்டின் காலடியில் படுக்கையாக்கி, சாணம், மூத்திரம் ஊறிய மண், விறகுச் சாம்பல் ஆகியவற்றோடு அடுக்கி, நனைத்துப் புரட்டி, மூன்று மாதத்தில் உரமாக்குவது அவர் முறை. யஷ்வந்த் வாடுடன் சேர்ந்து 1931இல் அதை நூலாக்கினார். அவருடைய அடுக்குகளில் சாம்பலுக்கும் இடம் இருந்தது. புளிப்பைத் தணிக்கும் பொருளாக அதைச் சேர்த்தார். கட்டுத்தரைப் படுக்கை, அடுப்புச் சாம்பல், குழி என்ற மூன்றும் கொங்கு வீட்டிலும் இருந்தவைதாம். அவர் அதற்கு அளவும் ஒழுங்கும் கொடுத்தார்.

இந்தூர் முறைக்கு ஆளும் தண்ணீரும் அதிகம் வேண்டும். பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1930களின் இறுதியில் உருவாக்கிய முறை அந்தக் குறையை நீக்கியது. குழியில் அடுக்கி மண்ணால் பூசி மூடிவிட்டால் புரட்ட வேண்டாம், அடிக்கடி நனைக்கவும் வேண்டாம். ஆறு முதல் எட்டு மாதம் ஆகும். மகாராஷ்டிரத்தின் நாராயண் தேவ்ராவ் பண்டரிபாண்டே பெயரால் வழங்கும் ‘நாடெப்’ தொட்டி மூன்றாவது. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரம், சுவரில் காற்றுத் துளைகள். சுமார் 1,400 கிலோ கழிவுக்கு 100 கிலோ சாணம் போதும், மீதியைத் தோட்டத்து மண் பார்த்துக்கொள்கிறது.

உழவு மாடு இல்லாத, தண்ணீர் குறைந்த, ஆள் கிடைக்காத சேலம் சமவெளிக்குப் பின்னிரண்டும் பொருந்துகின்றன. இந்தூர் முறை பொருந்தவில்லை. நம் பயிற்சி முகாம்களில் மண்புழு உரம் பெற்றிருக்கும் முதலிடம் எனக்கு இதனாலேயே வியப்பளிக்கிறது. அன்றாடம் நிழலும் ஈரமும் கவனிப்பும் கேட்கும் முறை அது. பத்துக் கிலோ காய்கறிக் கழிவுக்கு ஏற்றது, பத்து டன் சோகைக்கு அல்ல.

7. கோழியும் சருகும்

நாமக்கல்லில் நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டை விளைகிறது. அதோடு விளையும் எருவைப் பற்றி இந்த விவாதத்தில் யாரும் பேசுவதில்லை. கோழி எருவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 10க்கு 1 அளவு. சருகின் குறைபாடு அதிகக் கரிமம், கோழி எருவின் குறைபாடு அதிகத் தழைச்சத்து. தனியாகக் குவித்த கோழி எருவில் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறந்துவிடுகிறது. அந்த நெடியும் ஈயும் பண்ணை சுற்றிய ஊர்களுக்குத் தெரிந்தவை. கரிமம் சேர்ந்தால் அந்த அம்மோனியா கட்டுப்படும். மாடு போனபின் சருகுக்குக் கிடைக்காமல் போன துணை, சில மைல் தொலைவில் கொட்டகைக்கடியில் மலையாகக் கிடக்கிறது.

3 விழுக்காடு தழைச்சத்துள்ள உலர்ந்த கோழி எருவை எடுத்துக்கொண்டால், ஒரு டன் சோகையின் விகிதத்தை 30க்கு 1 ஆக்க ஏறத்தாழ 275 கிலோ எரு வேண்டும் என்று வருகிறது. இது காகிதக் கணக்கு மட்டுமல்ல. கோவையிலிருக்கும் அதே வேளாண்மைப் பல்கலைக்கழகம் தென்னைநார்க் கழிவை மட்கவைக்கத் தரும் பரிந்துரையில், டன்னுக்கு 5 கிலோ யூரியாவுக்கு மாற்றாக 200 கிலோ புதுக் கோழி எரு சேர்க்கலாம் என்றிருக்கிறது. மூன்று டன் சோகைக்கு ஒரு டன்னுக்கும் குறைவான எரு.

மறுப்பு என்ன வரும் என்று தெரியும். கோழி எரு இலவசமல்ல. லாரி ஏறி வெளியூர்த் தோட்டங்களுக்கு விலைக்குப் போகும் பண்டம். உண்மை. ஆனால் நேரடியாக நிலத்தில் கொட்டப்படும் பச்சைக் கோழி எரு சூடு தந்து பயிரைக் கருக்குவதும், சத்தில் கணிசமானது காற்றில் போவதும் வாங்குபவருக்கே நட்டம். சருகோடு மட்கியது கூடுதல் விலை பெறும் பொருள். இந்தச் சேர்க்கையைச் செய்துபார்க்க நாமக்கல்லில் 1985இல் நிறுவப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கரும்பு வட்டாரத்துக்கு மோகனூரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்புச் சக்கைக்குச் சந்தை உண்டாக்கிய சமவெளி இது: ஓடப்பள்ளி சர்க்கரை ஆலையின் சக்கை பக்கத்துப் பள்ளிபாளையத்தில் காகிதமாகிறது. சக்கைக்கு வாங்குபவர் இருப்பதால் அதை யாரும் வயலில் எரிப்பதில்லை. சோகைக்கும் அப்படியொரு சேருமிடம் தேவை.

சோகையையும் எருவையும் சேர்க்கவே முடியாத இடத்தில் என்ன செய்வது? மட்கவைக்கும் வேலையையே தவிர்க்கலாம். மறுதாம்புக் கரும்பில் ஒன்றுவிட்டு ஒரு பாரில் சோகையைத் தள்ளிவிட்டு, மற்றதில் தண்ணீர் கட்டுவது ஏற்கெனவே பலர் செய்வது. கோ. நம்மாழ்வார் (1938–2013) ஊர் ஊராகப் போய்ப் பரப்பிய ‘மூடாக்கு’ என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. புரட்ட வேண்டாம், குழி வேண்டாம், கூலி குறைவு. ஈரத்தைக் காத்துக்கொண்டே சோகை தன் போக்கில் மட்கும். கரையான் இல்லாத நிலமாக இருந்தால், எரிப்பதற்கும் குழி வெட்டுவதற்கும் முன்னால் வைக்க வேண்டிய வழி இதுவே என்று நினைக்கிறேன்.

8. நகரத்தின் சருகு

நகரத்தில் சருகு விழுவது தார்ச்சாலையிலும் சிமெண்டு வாசலிலும். மூடாக்குக்கு அங்கே மண் இல்லை. சட்டத்துக்குக் குறைவில்லை. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் தெருவிலும் பொது இடத்திலும் கழிவை எரிப்பதைத் தடுத்தன. தோட்டக் கழிவை உரியவர் தம் வளாகத்திலேயே தனியாகச் சேர்த்து, உள்ளாட்சி சொல்லும் வகையில் அகற்ற வேண்டும் என்றும், பூங்காக் கழிவை இயன்றவரை பூங்காவிலேயே பக்குவப்படுத்த வேண்டும் என்றும் அவை கூறின. அதே ஆண்டு டிசம்பர் 22 அன்று, அல்மித்ரா படேல் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் திறந்தவெளியில் கழிவை எரிப்பதற்கு நாடு முழுதும் தடை விதித்தது. சிறிய அளவுக்கு 5,000 ரூபாய், பேரளவுக்கு 25,000 ரூபாய் என்று அபராதமும் வைத்தது.

விதி எதிர்பார்ப்பது போல வளாகத்தில் சருகைச் சேர்த்துவைக்க, சேலத்தின் குகைப் பகுதியிலோ அம்மாபேட்டையிலோ சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளில் வளாகம் எங்கே இருக்கிறது? மரம் தெருவுடையது, சருகு வாசலுடையது, அதைத் தள்ளிக்கொண்டு போக வேண்டிய வேலை தூய்மைப் பணியாளருடையது. எடையே இல்லாமல் வண்டியை நிரப்பிவிடும் பொருள் சருகு. ஒரு தெருச் சருகில் வண்டி நிறைந்தால் அடுத்த தெருவின் ஈரக் குப்பைக்கு இடமில்லை. தீ வைப்பவரைத் தண்டிக்கும் முன் இந்த எளிய கன அளவுக் கணக்கை நிர்வாகம் தீர்க்க வேண்டும். வண்டியில் அழுத்தி ஏற்றலாம், அல்லது வார்டிலேயே தூளாக்கிக் கன அளவைக் குறைக்கலாம்.

மாநகராட்சியின் நுண் உர மையங்களில் வந்து சேரும் சமையலறைக் கழிவு, தண்ணீர் சொட்டி நாறும் பொருள். அதன் நாற்றத்தைக் கண்டே பல இடங்களில் மக்கள் மையமே வேண்டாம் என்கிறார்கள். அந்த ஈரத்தைக் குடிக்கக் காய்ந்த பொருள் வேண்டும். மாசியில் தெருவில் எரிந்த வேப்பஞ்சருகு அதற்குத் தோதானது. ஆனால் சமையலறைக் கழிவு ஆண்டு முழுதும் வருகிறது, சருகு இரண்டு மாதமே வருகிறது. ஆகவே நகரத்துக்கு முதலில் வேண்டியது இயந்திரமல்ல, கிடங்கு: மழை படாத ஒரு கொட்டகை, சாக்கில் அமுக்கிக் கட்டிய சருகு, வாரந்தோறும் இத்தனை சாக்கு ஈரக் குப்பையோடு சேரும் என்ற கணக்கு. வைக்கோலைப் போராக அடுக்கி ஆண்டு முழுதும் மாட்டுக்குப் பிடுங்கிப் போட்ட ஊருக்கு இந்தக் கலை புதிதல்ல. தை முடிவதற்குள் வார்டுக்கொரு கொட்டகையும் போதிய சாக்குகளும் தயாராக இருந்தால், மாசி முதல் வாரத்துச் சருகைக் கட்டிவைத்துவிடலாம்.